சேலத்தார் வராத கடற்கரை

மாப்பிள்ளை,

இன்று காலையில் உங்கள் குடையை விரித்தேன். ஐப்பசி மழை சங்ககிரி மேட்டிலிருந்து இறங்கி வருவது தெரிந்ததும், கதவு மூலையில் சாய்த்து வைத்திருந்ததை எடுத்து வாசலில் நின்று விரித்தால், தலையில் பொலபொலவென்று மணல் கொட்டியது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எவன் குடைக்குள் மண்ணைப் போட்டு வைத்தது என்று வீட்டில் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். பிறகுதான் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். காவிரி மணல் பருக்கை பருக்கையாக நெருடும். இது மாவு போல இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், லேசாகக் கரித்தது.

பட்டணத்துக்கென்று வாங்கிய குடை இது. ஊருக்குத் திரும்பிய பிறகு நீங்கள் இதைத் தொட்டதே இல்லை, மழைக்கு எப்போதும் போலச் சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டுதான் காட்டுக்குப் போவீர்கள் என்று தங்கச்சி சொன்னாள். உங்கள் காரியமெல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது, “இது இங்க வேண்டாமுங்க அண்ணா, கண்ணுல பட்டுட்டே இருக்குது” என்று என் கையில் கொடுத்துவிட்டாள். எனக்கும் அது கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்க வேண்டுமென்றால் சொந்தத்தில் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மாடு வாங்க வந்தவன் மாதிரி அந்த ஊருக்குப் போவேன். நாவிதரிடம் சவரம் செய்துகொண்டே பேச்சுக் கொடுப்பேன். அவர்கள் கிணற்றுத் தண்ணீரை ருசி பார்ப்பேன். மாட்டுக் கொட்டகையில் நுழைந்ததும் மாடு மிரள்கிறதா என்று பார்ப்பேன். அடிக்கிற வீட்டு மாடு கையைத் தூக்கினாலே மிரளும். எல்லாம் மனசுக்குப் பிடித்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பேன். பிடிக்காவிட்டால் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு ஒரு வாய் மோர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுவேன். அப்படி நான் எழுந்து வந்த வீடுகளில் அப்புறம் யாரும் பெண் கொடுத்ததில்லை. என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

உங்கள் வீட்டையும் விசாரித்தேன். குறை ஒன்றும் அகப்படவில்லை. குறையே இல்லாத ஒரு வீடு இருக்க முடியுமா என்று அதிலேயே எனக்கு ஒரு சந்தேகம். கை நனைத்துவிட்டு வந்தேன் என்றாலும், உங்கள் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

தங்கச்சி பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளை தங்காமல் போன வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்தது, போகிற வருகிறவர்களெல்லாம் அதையே பேசினார்கள். எங்கள் வீட்டில் மட்டும் பேச்சே இல்லை. சாயங்காலமானால் அவளுக்குக் காய்ச்சல் அடிக்கும். இருமலும் ஆரம்பித்தது. சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் காதில் குழலை மாட்டிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். நெஞ்சில் ஈரம் தட்டியிருக்கிறது, எலும்புருக்கியாக முற்றுவதற்குள் கடல் காற்று படுகிற இடத்தில் நாலைந்து மாதமாவது வைத்திருங்கள் என்றார். “இல்லேன்னா?” என்று கேட்டேன். அவர் கையைக் கழுவப் போய்விட்டார்.

அதே சமயத்தில்தான் இன்னொரு பேச்சும் என் காதுக்கு வந்தது. மருமகள் தாய் வீட்டிலேயே கிடக்கிறாள், பிள்ளையும் தங்கவில்லை, பரமத்திப் பக்கம் ஒரு பெண் இருக்கிறதாம் என்று உங்கள் அம்மா யாரிடமோ சொன்னாராம். யாரிடம் சொன்னார் என்பதுவரை நான் விசாரித்துவிட்டேன். அவளுக்கு நெஞ்சில் நோவு என்பது உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அடுத்த முகூர்த்தத்திலேயே இன்னொருத்தியைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார்கள். என் தங்கச்சி எங்கள் வீட்டு மூலையில் இருமியே சாக வேண்டியதுதான்.

அதனால் உங்களை உங்கள் வீட்டில் வைத்துப் பார்க்காமல் காட்டில் வந்து பார்த்தேன். ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தீர்கள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஏற்றத்தை நிறுத்தினீர்கள். பிறகு கேட்டீர்கள்:

“கடல்னா எந்தக் கடலுங்க மச்சான்?”

“எனக்கென்னங்க தெரியும்? பட்டணத்துல ஒண்ணு இருக்குதுன்னு சொல்றாங்க.”

“அப்ப நான் போயி எடத்தைப் பாத்துட்டு வாரனுங்க. பாக்காம எப்படிக் கொண்டுபோயி வெக்கறது?”

நல்ல பேச்சுதான். ஆனாலும் உங்கள் முகத்தில் ஏதோ கணக்கு ஓடியது. பரமத்திக் கணக்காக இருக்குமோ என்று எனக்குப் பட்டது. “நானும் வாரனுங்க” என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். “வருவீங்கன்னு தெரியுமுங்க. கடலையும் விசாரிக்கோணுமில்ல?”

சங்ககிரியில் ரயில் ஏறினோம். கூஜாவில் உங்கள் கிணற்றுத் தண்ணீர், தூக்கில் எலுமிச்சஞ்சோறு, கையில் புதுக் குடை. சத்திரத்தில் மூட்டையை வைத்துவிட்டு, அன்று சாயங்காலமே பட்டணத்துக்கு எதிரே இருக்கிற பெரிய கடற்கரைக்குப் போனோம். நான் கடலை முதல்முதலாகப் பார்த்தது அப்போதுதான். பார்த்ததும் எனக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. இத்தனை தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு செடியைக்கூட வளர்க்காத ஒன்றை எப்படி நம்புவது? நீங்கள் அலையைப் பார்க்கவே இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த சனங்களைப் பார்த்தீர்கள். குடும்பம் குடும்பமாக மணலில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

“இத்தனை பேரு வேலைவெட்டி இல்லாம சும்மா உக்காந்திருக்காங்களே, நல்லவங்களா இருப்பாங்களாங்க?” என்றேன்.

நீங்கள் சுண்டல் விற்கிறவரைக் கூப்பிட்டீர்கள். வாங்குவீர்கள் என்று பார்த்தேன். வாங்கவில்லை.

“ஏனுங்க, இங்க சேலத்துப் பக்கத்து ஆளுங்க வருவாங்களா?”

“ஏன் வரமாட்டாங்கோ? சேலத்து ஜவுளிக்காரங்கோ வாரா வாரம் வர்றாங்கோ. அதோ அந்தப் பக்கமாத்தான் உக்காருவாங்கோ.”

“போலாமுங்க மச்சான்” என்று திரும்பிவிட்டீர்கள். கால்கூட நனைக்கவில்லை. அத்தனை தூரம் ரயிலில் வந்து, அலை வந்து கூப்பிடுகிற இடத்தில் நின்றும், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காய்ந்த மணலிலேயே நடந்தீர்கள். எனக்குப் புரிந்தது. கை நனைக்காமல் எழுந்து வருகிற வேலையை என்னிடமிருந்தே எடுத்து என்னிடமே காட்டுகிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விதான் எனக்குப் பிடிபடவில்லை. சேலத்தார் வந்தால் உங்களுக்கென்ன?

அடுத்த நாள் வடக்கே எண்ணூருக்குப் போனோம். பெரிய மனிதர்களின் பங்களாக்கள், வாசலில் செடிகொடி. ஒரு பங்களாவில் பின்கட்டை வாடகைக்கு விடுவார்கள் என்று காவல்காரர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். காற்று நன்றாக இருந்தது. நான் கிணற்றைப் பார்த்தேன், கருவாட்டு வாசனை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தேன், கூரை ஒழுகுமா என்று பார்த்தேன். நீங்கள் அதே கேள்வியைத்தான் கேட்டீர்கள். சேலத்து வக்கீல் ஒருவர் கோடையானால் குடும்பத்தோடு வந்து இறங்குவார் என்று காவல்காரர் பெருமையாகச் சொன்னார். உங்கள் முகம் சுருங்கிவிட்டது. கடலைத் தொடாமல் திரும்பினோம்.

சாந்தோமில்தான் எனக்குக் கோபம் வந்தது. அங்கே ஒரு வயதான அம்மாள், விதவை, மாடியறை ஒன்றைக் காட்டினார். சன்னலைத் திறந்தால் கடல். தண்ணீர் கொஞ்சம் சப்பென்றிருந்தாலும் குடிக்கலாம். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. அந்த அம்மாள், “உங்க பொண்ணை என் பொண்ணு மாதிரி பாத்துக்கறேன்” என்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் நினைத்தாலும், அந்த முகத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. நான் சரியென்று சொல்லப் போனேன். அதற்குள் நீங்கள் கேட்டுவிட்டீர்கள். அவர் சொன்னார்: “அடுத்த வீட்டிலேயே ராசிபுரத்து நெய் வியாபாரி குடும்பம் இருக்காங்களே. உங்க ஊர் பாஷை பேச ஆளாச்சு.”

“வேண்டாமுங்கம்மா. மன்னிச்சுக்கோங்க” என்று கும்பிடு போட்டீர்கள்.

தெருவில் வைத்து உங்களைப் பிடித்துக்கொண்டேன். “என்ற தங்கச்சிக்கு நோவு முத்திட்டிருக்குது. நீங்க ஊருக்காரங்க கண்ணுல படாத எடமாத் தேடறீங்க. அவளை எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சுப் போட்டு, ஊருக்குப் போயி என்ன செய்யப் போறீங்க? எனக்கு இப்பச் சொல்லுங்க.”

நீங்கள் ஜட்காவைக் கூப்பிட்டீர்கள். “ஏறுங்க மச்சான். இன்னும் ஒரு எடம் பாத்துருவோம்.” அவ்வளவுதான் உங்கள் பதில். திருவான்மியூர் போகும்வரை நான் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அங்கே பெரிய கோயில் இருந்தது, பனைமரமும் சவுக்குத் தோப்பும் இருந்தன, அவற்றைத் தாண்டி நாலு குப்பம். மணலில் தோண்டிய கிணறு ஒன்றில் ஒரு மீனவப் பெண் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கிக் குடித்துப் பார்த்தேன். கடலுக்கு அத்தனை பக்கத்தில் அப்படியொரு தித்திப்பான தண்ணீரா என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தேன். பிறகு வலையை உதறிக்கொண்டிருந்த அவள் புருஷனிடம் போய், என் வழக்கப்படி விசாரித்தேன்.

“ஏனுங்க, இந்தக் கடலு எப்படிங்க? நல்ல கொணந்தானா? கோவம் கீவம் வருமுங்களா?”

அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னா சாமி, பொண்ணு குடுக்கப் போறியா அதுக்கு?” என்றார். அவர் பெண்சாதி கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

நீங்கள் அவளிடம் கேட்டீர்கள், சேலத்துப் பக்கத்து ஆட்கள் இங்கே வருவார்களா என்று.

“சேலமா? அது எந்தப் பக்கம் கீது?”

உடனே நீங்கள் குடையை என் கையில் திணித்துவிட்டு நேரே அலைக்குள் போனீர்கள். முழங்கால் நனைய நின்று, குனிந்து, இரண்டு கையையும் தண்ணீரில் அலம்பினீர்கள். திரும்பி வந்து அந்தப் பெண்ணிடம் ஒரு வாய் சோறு கிடைக்குமா என்று கேட்டு, குழம்போடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். நானும் உட்கார்ந்தேன். சாப்பிட்டுக்கொண்டே, இந்த ஆள் என் தங்கச்சியை இங்கே விட்டுவிட்டுப் பரமத்திக்குப் போகப் போகிறான் என்றே நினைத்தேன்.

தைப் பொங்கல் கழிந்து நீங்களே எங்கள் வீட்டுக்கு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். உங்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே ரயிலடிக்கு. வழியனுப்ப வந்த நான் அவளிடம், “ஏதாச்சும்னா யாரையாவது புடிச்சு ஒரு கார்டு போடச் சொல்லு” என்று தனியாகச் சொன்னேன். நீங்கள் கேட்டும் கேட்காத மாதிரி மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தீர்கள்.

மாசி முடிவதற்குள் திருச்செங்கோட்டுச் சந்தையில் ஒரு மாட்டுத் தரகர் என் தோளில் கை போட்டார். “உங்க மாப்பிள்ளைக்கு நெஞ்சுல நோவாமா? எலும்புருக்கின்னு சொல்றாங்க. உங்க தங்கச்சிதான் கடக்கரையில வெச்சுப் பாத்துக்குதாமா. பாவம் அந்தப் புள்ள.”

யார் சொன்னது என்று கேட்டேன். உங்கள் வீட்டிலேயே சொன்னார்களாம். நீங்களே உங்கள் அம்மா முன்னால் உட்கார்ந்து இருமிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறீர்களாம். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்றுதான். நோவு முதலிலேயே உங்களுக்கு இருந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே இருந்திருக்கிறது. நான் விசாரித்த விசாரணையில் அது தப்பிவிட்டது. உங்களிடமிருந்துதான் அவளுக்கு ஒட்டியிருக்கிறது! சந்தையிலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் ரயிலேறினேன்.

நீங்கள் சொல்லியிருந்த குடிசைக்கு நேரே போகவில்லை. சவுக்குத் தோப்புக்குள் நின்று பார்த்தேன். வெயில் தாழ்ந்த நேரம். தங்கச்சி அலை ஓரமாக நடந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் சதை பிடித்திருந்தது. நீங்கள் அவளுக்குப் பின்னால், குடையைப் பிடித்துக்கொண்டு, கடலை ஓரக் கண்ணால் பார்த்துக்கொண்டே போனீர்கள், எந்த நேரமும் அது அவளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்கிற மாதிரி. அவள் திரும்பி ஏதோ திட்டினாள். நீங்கள் குடையை அவள் பக்கம் இன்னும் சாய்த்தீர்கள். உங்களுக்கு இருமல் ஒன்றும் இல்லை. நான் நெடுநேரம் காது கொடுத்துக் கேட்டேன்.

அவள் உலை வைக்க உள்ளே போனதும் உங்களைத் தோப்புக்குள் இழுத்தேன்.

“நோவு யாருக்குங்க? எனக்கு நெசத்தைச் சொல்லுங்க.”

“உங்க தங்கச்சிக்குத்தான். நீங்கதானே டாக்டர்கிட்டக் கூட்டிப்போனீங்க?”

“அப்பறம் ஊர்ல எதுக்கு உங்களுக்குன்னு சொல்றாங்க?”

“நாந்தாஞ் சொன்னேன்.” மணலில் உட்கார்ந்துகொண்டீர்கள். “அவளுக்குன்னு எங்கம்மாகிட்டச் சொன்னா, அவ திரும்பி வரதுக்குள்ள இன்னொருத்தி அடுப்புப் பத்த வெச்சிருப்பா. எனக்குன்னு சொன்னா எவன் மச்சான் பொண்ணு குடுப்பான்? நீங்க எந்த மாப்பிள்ளையை விசாரிச்சாலும் மொதல்ல என்ன கேப்பீங்க? நெஞ்சுல நோவு இருக்குதான்னுதானே? பரமத்திக்காரங்களும் கேட்டாங்களாம். அப்பறம் அந்தப் பக்கமே வரலீங்க.”

நானும் உங்கள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். நீங்கள் மறுபடியும் சொன்னீர்கள்: “நம்மூரு ஆளு ஒருத்தரு இங்க வந்தாப் போதும். ரெண்டு பேருல யாரு இருமறாங்கன்னு பாத்துட்டுப் போயிருவாங்க. அதான் ஊரு ஊரா அலைஞ்சனுங்க. நீங்களும் யார்கிட்டயும் சொல்லிப் போடாதீங்க. அவளுக்கும் தெரிய வேண்டாம்.”

இதை அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாம், சாந்தோம் தெருவிலேயே சொல்லியிருக்கலாம் என்று சண்டை பிடித்தேன். “சொல்லியிருந்தா நீங்க நம்பியிருக்க மாட்டீங்க” என்றீர்கள். அது உண்மை. நான் நம்பியிருக்க மாட்டேன். இப்படி ஒரு காரியத்தை ஓர் ஆண்பிள்ளை செய்வான் என்று எவன் சொன்னாலும், இவனுக்கு இதில் என்ன ஆதாயம் என்றுதான் முதலில் கேட்பேன். இன்றைக்கும் அப்படித்தான் கேட்பேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

சித்திரை முடிந்து திரும்பி வந்தீர்கள். அவள் தேறிவிட்டாள். உங்களுக்குத்தான் ஊரில் நோவு நிலைத்துவிட்டது. கல்யாண வீடுகளில் உங்கள் இலைக்குப் பக்கத்து இலை காலியாகவே இருக்கும். உங்கள் டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைப்பார்கள். நாவிதர் உங்களுக்கு மட்டும் வேறு கத்தி வைத்திருந்தார். அதையெல்லாம் பார்த்த பிறகுதான் தங்கச்சிக்கு விஷயம் புரிந்தது. ஊர் நடுவில் நின்று சொல்லிவிடுவேன் என்று அழுதாள். “சொன்னீன்னா நான் பட்டதெல்லாம் வீணாப் போயிரும்” என்று அடக்கிவிட்டீர்கள். இவ்வளவையும் உங்கள் அம்மா வேறு விதமாகப் பார்த்தார். சாகக் கிடந்த பையனைக் கடற்கரையில் வைத்துப் பிழைக்க வைத்துக் கூட்டி வந்தவள் என்று மருமகளைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். பிள்ளையில்லை என்று அப்புறம் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

போன மாசியில் விஷக் காய்ச்சலில் நீங்கள் போனீர்கள். நெஞ்சுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் ஊர், “அப்பவே தெரியும், எலும்புருக்கி உள்ளயே இருந்திருக்குது” என்றது. கேட்டுக்கொண்டு நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு உங்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, மாப்பிள்ளை. இத்தனை வருஷம் ஒரு கண் வைத்திருந்த இடம் காலியாகக் கிடக்கிறது. உங்களைப் போல என்னை ஏமாற்றியவர் யாருமில்லை. இனி யாரும் வரப் போவதுமில்லை.

போன வாரம் தங்கச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரம் பார்த்து, உங்கள் அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“சாமி, உன்ற கிட்ட ஒண்ணு கேக்கோணும். அவனோட நான் இத்தனை வருஷம் இருந்தேன். ஊருக்கு முன்னால இருமுவான். தனியா இருக்கறப்ப ஒரு நாளும் இருமுனதில்ல. நெசத்தைச் சொல்லு. நோவு யாருக்கு?”

தங்கச்சி இன்னும் எத்தனை வருஷம் அந்த வீட்டில் இருக்க வேண்டும்! புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவளுக்கு அங்கே மிச்சமிருப்பது அந்தக் கிழவியின் அன்பு ஒன்றுதான்.

“அவருக்குத்தானுங்க அத்தை.”

“நல்லா விசாரிச்சியா?”

“கடல் வரைக்கும் போயி விசாரிச்சனுங்க.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எத்தனையோ மாப்பிள்ளைகளின் முகத்தை அப்படித்தான் பார்த்திருக்கிறேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“நீ விசாரிச்சுச் சொன்னாச் செரியாத்தான் இருக்கும் சாமி” என்றார். மாட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பி, வெயிலில் நிற்காதே, தலைக்குத் துணியைப் போட்டுக்கொள் என்று என் தங்கச்சியைச் சத்தம் போட்டார்.